தட்டில் கேட்ட சுகம் டிஜிட்டலிலும் கிடைக்கும்!

ஸ்பீக்கரை நகர்த்துங்கள், நல்ல பிரதியைத் தேடுங்கள், ஆல்பம் முழுவதையும் உட்கார்ந்து கேளுங்கள். பழைய எல்.பி. ரெக்கார்டின் ஈர்ப்பை வீட்டிலேயே மீட்டெடுக்கும் வழிகள்.

2022 ஜூலையில், அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ரெக்கார்டு கடை நடத்தும் ஒருவர் யூடியூபில் ஒரு வீடியோ போட்டார். உலகம் முழுக்க உள்ள இசைத்தட்டுப் பிரியர்கள் ஆடிப்போனார்கள்.

விஷயம் இதுதான். கலிஃபோர்னியாவின் 'மொபைல் ஃபிடிலிட்டி சவுண்ட் லேப்' நிறுவனம் புகழ்பெற்ற பழைய ஆல்பங்களை மூல ஒலிநாடாவிலிருந்து எடுத்து, உயர்தரத் தட்டுகளாக வெளியிடும். அதன் சிறப்பு வெளியீடுகள் 125 டாலர் வரை விலைபோயின. டிஜிட்டல் வாடையே படாத தட்டு என்று நம்பித்தான் பலரும் அவ்வளவு பணம் கொடுத்தார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தை 40,000 பிரதிகள் வெளியிடப்போவதாக நிறுவனம் அறிவித்தபோது சந்தேகம் வலுத்தது. அத்தனை பிரதிகளுக்கு மூல நாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் நாடா தேய்ந்துவிடாதா? நடுவே டிஜிட்டல் கோப்பு ஒன்று இருக்கிறது என்றார் கடைக்காரர். நிறுவனம் அவரைத் தன் ஸ்டூடியோவுக்கே வரவழைத்தது. பொறியாளர்கள் கேமரா முன் ஆமாம் என்றார்கள். 2011 முதலே மூல நாடாவை டிஜிட்டலாக மாற்றி, அதிலிருந்துதான் பல தட்டுகளை வெட்டியிருந்தார்கள். வழக்கு தொடுக்கப்பட்டு, 2023-இல் சமரசத்தில் முடிந்தது.

ஏமாற்றப்பட்டவர்களின் கோபம் நியாயமானது. வாங்கியவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இந்தச் சம்பவத்துக்குள் இன்னொரு உண்மையும் இருக்கிறது. பத்தாண்டுக்கும் மேலாக, உலகின் மிகக் கூர்மையான காதுகள் அந்தத் தட்டுகளைக் கேட்டு மெய்ம்மறந்திருந்தன. டிஜிட்டல் படி நடுவே இருந்தது அநேகமாக யார் காதுக்கும் உறுத்தவில்லை. அப்படியானால், ரெக்கார்டில் நம்மைக் கட்டிப்போடுவது எது? அதைக் கண்டுபிடித்துவிட்டால், கையிலிருக்கும் போனிலிருந்து ஓடும் பாட்டுக்கும் அதைக் கொடுத்துவிடலாம் அல்லவா?

கொடுக்கலாம் என்பதே என் உறுதியான பதில்.

அளந்து பார்த்தால்...

12 அங்குல எல்.பி. தட்டை 1948-இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய சி.டி. 1982-இல் வந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். கணக்குப்படி 22,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி அத்தனையும் இதில் அடங்கிவிடும். இளம் வயதில் நல்ல காதுக்கே 20,000 ஹெர்ட்ஸ்தான் எல்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் குறைந்துவிடும்.

மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சு சி.டி.யில் சுமார் 96 டெசிபல். நல்ல எல்.பி.யில் 60 முதல் 70 டெசிபல். போதாததற்கு, தட்டு சுற்றச் சுற்ற ஊசி உள்வட்டத்துக்குப் போகிறது. வெளி விளிம்பில் பள்ளம் நொடிக்கு 50 சென்டிமீட்டருக்கு மேல் ஓடும். கடைசிப் பாட்டு வரும்போது 21 சென்டிமீட்டர்தான். அதனால் உள்வட்டத்தில் கூர்மையான ஒலிகள் மங்கிக் கரகரக்கும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் போட்டிக்கே இடமில்லை.

சி.டி. தரமே போதாது, இன்னும் பெரிய கோப்புகள் வேண்டும் என்பவர்களும் உண்டு. 2007-இல் ஈ. பிராட் மேயரும் டேவிட் மொரானும் அமெரிக்காவின் ஒலிப்பொறியியல் சங்க இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவை அப்படியே ஒருமுறையும், நடுவே சி.டி. தரத்துக்குக் குறைத்து ஒருமுறையும் போட்டுக் காட்டினார்கள். மொத்தம் 554 முறை. வழக்கமான சத்தத்தில் கேட்டவர்களால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்கு மேல் விடை தேறவில்லை.

ஆனாலும் மக்கள் தட்டையே தேடிப் போகிறார்கள். அமெரிக்காவில் 2022-இல் 4.1 கோடி தட்டுகள் விற்றன. சி.டி. 3.3 கோடிதான். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு முந்தியது அதுவே முதல்முறை. இத்தனை பேருடைய ரசனையை வெறும் மோகம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர்கள் கேட்கும் இனிமை நிஜம். அந்த இனிமை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நாம் தவறான இடத்தைக் கைகாட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதல் சூட்சுமம்: எந்தப் பிரதி?

தட்டு வெட்டுவது கறாரான வேலை. சத்தத்தைக் கூட்டினால் பள்ளம் அகலும். அகன்றால் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குப் பாட்டு அடங்காது. தாழ்ந்த ஒலி இடது வலதாகப் பிரிந்து குதித்தால் ஊசி துள்ளிவிடும், ஆகவே பேஸ் ஒலியை நடுவில் நிறுத்த வேண்டும். பாடகரின் 'ஸ்' ஒலி எகிறினால் சீறும். இத்தனையையும் யோசித்து, ஒவ்வொரு பாட்டையும் பதமாகச் செதுக்கியாக வேண்டிய கட்டாயம், பதிவான பாட்டை வெளியீட்டுக்குத் தயார்செய்யும் மாஸ்டரிங் பொறியாளருக்கு இருந்தது.

சி.டி. வந்ததும் அந்தக் கட்டாயம் போயிற்று. அடுத்தவர் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி தொண்ணூறுகளில் சூடுபிடித்தது. லிமிட்டர் என்னும் கருவியால் உச்சங்களை நறுக்கிவிட்டு, மொத்தப் பாட்டையும் மேலே தூக்கி நிறுத்தினார்கள். எல்லா வரியையும் கொட்டை எழுத்தில் அச்சடித்த பத்திரிகை மாதிரி ஆகிவிட்டது இசை. 2008-இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' வெளிவந்தபோது ரசிகர்களே பொங்கினார்கள். அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் நசுக்கப்படாமல் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆல்பத்தை மறுபடி மாஸ்டரிங் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள்.

இந்த நசுக்கல் என்ன செய்கிறது? மிருதங்கத்தில் 'தீம்' விழும் கணத்தை எடுத்துக்கொள்வோம். விரல் தோலில் பட்ட முதல் சில மில்லி நொடிகளில் ஒலி சரேலென உயர்ந்து, உடனே தணிந்து, பிறகு கார்வையாக நீள்கிறது. அடியின் விசை அந்த முதல் உச்சியில் இருக்கிறது. லிமிட்டர் வெட்டுவது அதைத்தான். கார்வை மிஞ்சும், அடி தொலையும். வீணையின் மீட்டு, கஞ்சிராவின் சில்லென்ற ஒலி, பாடகர் மூச்சிழுக்கும் இடைவெளி எல்லாவற்றுக்கும் இதே கதி. அரைமணி நேரம் கேட்டதும் காது சலித்துப்போவதற்கு முக்கியக் காரணம் இதுவே. எண்களாகச் சேமித்ததால் வந்த சலிப்பு அது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

தமிழ்ப் பாட்டுக்கு இதில் கூடுதல் சோதனை. ஒரு பழைய பாடலை யூடியூபில் தேடுங்கள். 'டிஜிட்டல் ரீமாஸ்டர்', 'பேஸ் பூஸ்டட்', '5.1', '8டி' என்று வரிசைகட்டி நிற்கும். இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று பதிவறையின் காற்றையும் சேர்த்து உறிஞ்சிய பிரதிகள் ஏராளம். விஸ்வநாதன் – ராமமூர்த்தி காலத்துப் பாடல்கள் மோனோவில் பதிவானவை. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைத்தார்கள். எந்த வாத்தியம் மைக்குக்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்பதை அங்கேயே தீர்மானித்தார்கள். அந்த ஆழம் மோனோ பிரதியில் அழகாகத் தெரியும். அதைச் செயற்கையாக இரண்டாகப் பிளந்து 'ஸ்டீரியோ' ஆக்கினால் குரல் நடுவில் நிற்காது, ஆர்மோனியம் எங்கோ மிதக்கும்.

ஆகவே முதல் செலவு பணமல்ல, தேடல். ஒரே பாடலுக்கு ஸ்ட்ரீமிங் சேவைகளில் மூன்று நான்கு பிரதிகள் இருக்கும். மூல ஆல்பத்தின் பெயரில் உள்ளதை முதலில் கேளுங்கள். தொகுப்பு ஆல்பங்களையும் புதுத் தாளம் சேர்த்தவற்றையும் ஒதுக்குங்கள். பழைய சி.டி.கள் பல, சத்தப் போட்டி முற்றுவதற்கு முன் வெளிவந்தவை. எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். கணினியில் போட்டு ஃபிளாக் கோப்பாக எடுத்துக்கொண்டால் தரம் ஒரு துளியும் குறையாது.

செயலியிலும் ஒரு வேலை பாக்கி. ஒலியளவைச் சமன்செய்யும் அமைப்பை ஆன் செய்யுங்கள். ஸ்பாட்டிஃபையில் அது 'லவுட்' என்ற நிலையில் இருந்தால் மறுபடியும் லிமிட்டர் புகுந்துவிடும். 'நார்மல்' அல்லது 'கொயட்' போதும். நசுக்கிய பாட்டும் நசுக்காத பாட்டும் ஒரே அளவில் ஒலிக்கும்போது எது உயிரோட்டமானது என்று காதே சொல்லிவிடும். சேவையின் தர அமைப்பையும் உச்சத்தில் வையுங்கள். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் கூடுதல் கட்டணமின்றி இழப்பில்லாத தரத்தில் தருகிறது.

இரண்டாவது சூட்சுமம்: ஸ்பீக்கரும் அறையும்

ரெக்கார்டு பிளேயர் வாங்குகிறவர் கூடவே ஒரு ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்குகிறார். அவற்றுக்கு ஓர் இடம் ஒதுக்குகிறார். எதிரே நாற்காலி போடுகிறார். டிஜிட்டலில் கேட்கிறவரோ சமையல் மேடையில் வைத்த ஒற்றை புளூடூத் டப்பாவில் கேட்கிறார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, தட்டுதான் உசத்தி என்கிறார். ஒப்பிடப்பட்டவை தட்டும் கோப்பும் அல்ல, இரண்டு வேறு ஸ்பீக்கர்கள், இரண்டு வேறு அறைகள்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பின்னர் ஹார்மன் நிறுவனத்திலும் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் பல ஆண்டுகள் கேட்புச் சோதனை நடத்தினார். எந்த பிராண்டு என்று தெரியாதபோது, பயிற்சி பெற்றவரும் சாமானியரும் பெரும்பாலும் ஒரே மாதிரி ஸ்பீக்கரையே தேர்ந்தெடுத்தார்கள். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எதையும் மிகைப்படுத்தாமல் சீராகத் தருவது, பக்கவாட்டில் சிதறும் ஒலியும் சீராக இருப்பது. இவ்வளவுதான் இலக்கணம். இசைக்கென்று ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கருக்கே போக வேண்டும். உள்ளேயே ஆம்ப் வைத்து வரும் சிறிய ஸ்டூடியோ மானிட்டர்கள் நம் வீட்டு அறைகளுக்குப் பொருத்தமானவை. எண்ணை ஒலியாக்கும் டி.ஏ.சி. கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொட்ட வேண்டியதில்லை. விலையுயர்ந்த கேபிளுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

ஸ்பீக்கர் வந்தாயிற்று. இனி அறை. நம் ஊரில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை சர்வசாதாரணம். மொசைக் அல்லது டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், இரும்பு பீரோ, மேலே மின்விசிறி. இசைக்கு இது கடினமான இடம். நடுவில் நின்று பலமாக ஒரு கைதட்டு தட்டுங்கள். 'ட்ர்ர்ர்' என்று சுவருக்குச் சுவர் எதிரொலி துள்ளினால், அதுதான் உங்கள் பாட்டிலும் கலந்துகொண்டிருக்கிறது.

தாழ்ந்த ஒலிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் வெப்பநிலையில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. 12 அடி நீள அறையில் 48 ஹெர்ட்ஸ் அளவிலும், 10 அடி அகலத்தில் 57 ஹெர்ட்ஸ் அளவிலும் அலை இரு சுவர்களுக்கிடையே சிக்கிக்கொண்டு முழங்கும். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆக அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் அறை 'தொம்' என்று வீங்கும், பக்கத்துச் சுரம் ஒட்டிப்போய்க் கிடக்கும். சுவரை ஒட்டிப் போட்ட சோபாவில் இது மிக மோசமாகக் கேட்கும். அறையின் நட்டநடுவில் அதே சுரம் காணாமல்போகும். பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் முன்னே வந்து உட்காருங்கள். பேஸ் அடங்கி, சுரம் சுரமாகப் பிரிந்து கேட்கும்.

ஸ்பீக்கர்கள் இரண்டும் நீங்களும் சம பக்க முக்கோணமாக இருக்க வேண்டும். சிறிய ஒலிப்பான், அதாவது ட்வீட்டர், உங்கள் காது உயரத்தில் வர வேண்டும். ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து ஓரடி, முடிந்தால் இரண்டடி விடுங்கள். பிறகு ஒருவரைக் கண்ணாடியோடு பக்கச்சுவரில் நகரச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஒலி சுவரில் மோதி உங்களிடம் வருகிறது. அங்கே புத்தக அலமாரியையோ கனமான மடிப்புத் திரையையோ வையுங்கள். தரையில் ஜமுக்காளம் கூர்மையான ஒலிகளை மட்டும் குறைக்கும். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் தடித்த இலவம்பஞ்சு மெத்தை அதைவிடக் கீழே இறங்கி வேலை செய்யும். அதை மூலையில் நிறுத்தி வைத்துக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் புரிய ஒரு பாட்டு போதும்.

இன்னும் நுணுக்கமாகப் போக விரும்புவோர்க்கு 'ரூம் ஈக்யூ விசார்டு' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அளவெடுக்கும் மைக் ஒன்றை இணைத்தால் அறையின் வீக்கம் எங்கே என்று வரைபடமாகக் காட்டும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மேடுகளை மட்டும் ஈக்வலைசரால் தட்டி இறக்குங்கள். பள்ளங்களை நிரப்ப முயல வேண்டாம். ஆம்ப் திணறுமே தவிரப் பள்ளம் நிரம்பாது. இந்தத் திருத்தத்தை ரெக்கார்டு பிளேயரில் சுலபமாகச் செய்ய முடியாது. டிஜிட்டலுக்கு மட்டுமே கிடைத்த வரம் இது.

விசிறியையும் மறக்கக் கூடாது. அதன் இரைச்சல் பாட்டின் மெல்லிய பகுதிகளை முழுங்கிவிடும். ஏப்ரல், மே மாதச் சென்னையில் விசிறியை நிறுத்து என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வேகத்தைக் குறைக்கலாம், விடியற்காலையைத் தேர்ந்தெடுக்கலாம். தெரு அடங்கிய நேரத்தில் அதே ஸ்பீக்கர் இரண்டு மடங்கு தெளிவாகப் பேசும்.

மூன்றாவது சூட்சுமம்: ஒலியின் பதம்

தட்டு, பாட்டில் தன் கைவண்ணத்தையும் கொஞ்சம் சேர்க்கிறது. ஊசியும் பள்ளமும் உரசுவதால் மெல்லிய சிதைவு ஒன்று கலக்கிறது. அது காதுக்கு இதமாகவே இருக்கிறது. உச்ச ஒலிகள் சற்றே மழுங்குகின்றன. இடது, வலது ஒலிகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கசிகின்றன. இவை குறைகள்தான் என்றாலும் பலருக்குப் பிடித்த குறைகள். பிடித்திருந்தால் டிஜிட்டலிலும் சேர்த்துக்கொள்வதில் தப்பே இல்லை.

ஈக்வலைசரில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றிரண்டு டெசிபல் இறக்குங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றிரண்டு டெசிபல் ஏற்றுங்கள். அவ்வளவு போதும். ஹெட்போனில் கேட்பவர்கள் 'கிராஸ்ஃபீட்' வசதியுள்ள பிளேயரைத் தேடிப் பயன்படுத்தலாம். ஸ்டீரியோவின் தொடக்க காலத்தில் ஒரு வாத்தியத்தை ஒரு பக்கமே ஒதுக்கிவிடும் வழக்கம் இருந்தது. பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படமாகச் சொல்லப்படுவது 1978-இல் வந்த 'ப்ரியா'. அந்தக் காலத்துப் பதிவுகளை ஹெட்போனில் கேட்டால் சில வாத்தியங்கள் ஒற்றைக் காதில் குத்தும். கிராஸ்ஃபீட் கொஞ்சம் கசியவிட்டு அதைத் தணிக்கிறது. தட்டு தானாகச் செய்த வேலையும் இதுவே.

குறைந்த சத்தத்தில் கேட்பவர்களுக்கு இன்னொரு செய்தி. சத்தம் குறையக் குறைய மனிதக் காது தாழ்ந்த ஒலிகளை அதிகமாக இழக்கும் என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததன் காரணம் அதுதான். இரவில் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவில்லாமல் கேட்கும்போது பேஸைக் கொஞ்சம் கூட்டுங்கள். இசையின் உடம்பு திரும்பி வரும்.

எதை மாற்றினாலும், ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் சமமாக இருக்கட்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது 'நன்றாக இருக்கிறது' என்றே முடிவுகட்டும். கடைகளில் நம்மை ஏமாற்றுவதும் இதுவே.

நான்காவது சூட்சுமம்: கேட்கும் முறை

இதை நான் கடைசியில் வைத்தது முக்கியத்துவம் குறைவென்பதால் இல்லை. மற்ற மூன்றையும் செய்துவிட்டு இதை விட்டால் எல்லாம் வீண்.

தட்டைப் போடுகிறவர் உறையிலிருந்து எடுக்கிறார், துடைக்கிறார், ஊசியை வைக்கிறார், உட்காருகிறார். இருபது நிமிடம் பாட்டைத் தாண்ட முடியாது. உறையைப் புரட்டி யார் பாடினார், யார் எழுதினார், யார் இசை என்று படிக்கிறார். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் தமிழ்க் காதுகளைப் பழக்கியதும் இப்படித்தான். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்லிவிட்டு இசைத்தட்டைச் சுழலவிடுவார்கள். பெயர் தெரிந்து கேட்ட பாட்டு மனதில் வேறு இடத்தில் போய் உட்கார்ந்தது.

இன்று பத்துக் கோடிப் பாடல்கள் பையில் இருக்கின்றன. முதல் இடையிசை முடிவதற்குள் அடுத்த பாட்டுக்கு விரல் போகிறது. இதற்குக் கோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பழக்கத்தை மாற்றுவதே வழி. ஒரு ஆல்பத்தைத் தேர்ந்தெடுங்கள். தானாக அடுத்ததற்குப் போகும் 'ஆட்டோபிளே'யை நிறுத்துங்கள். பாட்டைப் பதிவிறக்கிக்கொண்டு போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஆல்பம் முடியும்வரை எழுந்திருக்காதீர்கள்.

எதில் தொடங்குவது என்றால், இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தைச் சொல்வேன். 1986-இல் வந்தது, தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வி.எஸ். நரசிம்மனின் தனி வயலினும், பின்னால் பெரிய வயலின் கூட்டமும் சேர்ந்த இசை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' பகுதியில் பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசை எட்டிப் பார்க்கும். ஸ்பீக்கர் சரியான இடத்தில் இருந்தால் தனி வயலினின் வில் தந்தியில் உரசும் சொரசொரப்பு தனியே கேட்கும். கூட்டம் அதன் பின்னே விரிந்து நிற்கும். இரண்டும் ஒரே கூழாகக் கேட்டால் ஸ்பீக்கரை இரண்டு அங்குலம் நகர்த்தி மறுபடி கேளுங்கள். இந்த நகர்த்தலே ஒரு ஆனந்தம். பாட்டை நீங்கள் முதல்முறையாகத் தேடிப் போகிறீர்கள்.

இந்த வாரமே செய்யலாம்

* புளூடூத்தை விடுத்து ஒயரில் இணையுங்கள். முடியாவிட்டால் போனும் ஸ்பீக்கரும் ஏற்கும் மிக உயர்ந்த புளூடூத் தரத்தைத் தேர்ந்தெடுங்கள்.
* செயலியில் தரத்தை உச்சத்தில் வையுங்கள். ஒலியளவைச் சமன்செய்யும் வசதியை ஆன் செய்யுங்கள்.
* ஸ்பீக்கர் இரண்டையும் ஷோகேசிலிருந்து வெளியே எடுங்கள். உறுதியான ஸ்டூல் மேல், காது உயரத்தில் வையுங்கள்.
* சோபாவைச் சுவரிலிருந்து முன்னே இழுங்கள்.
* பக்கச்சுவரில் கண்ணாடிச் சோதனை செய்து, அங்கே அலமாரி அல்லது திரை வையுங்கள்.
* பிடித்த ஒரு பாடலின் எல்லாப் பிரதிகளையும் ஒரே சத்தத்தில் கேட்டு, சிறந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்.
* ஹெட்போன் பிரியர்கள் சத்தத்தில் கவனமாக இருங்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக்கூட அந்த நேரம் மளமளவென்று குறையும்.

வீட்டிலிருக்கும் தட்டுகளை என்ன செய்வது?

பழைய தட்டுகள் வீட்டில் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. அவற்றை வைத்து நான் சொன்னதையெல்லாம் நீங்களே சோதிக்கலாம். ரெக்கார்டு பிளேயரின் ஒலியை ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் 24 பிட் தரத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்ததையும் தட்டையும் ஒரே ஸ்பீக்கரில், ஒரே சத்தத்தில் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, பாராமல் கேளுங்கள். தட்டின் இதம், அதன் கீறல் உட்பட, அப்படியே கோப்பிலும் இருக்கும். தட்டில் உள்ள எதையும் டிஜிட்டல் கைவிடவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான நிரூபணம் கிடையாது.

இதில் ஒரு பொதுக் காரியமும் அடங்கியிருக்கிறது. இணையத்தில் நசுங்கிப்போன பிரதியாக மட்டும் உலவும் எத்தனையோ தமிழ்ப் பாடல்களின் நல்ல வடிவம் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில், ஒரு தட்டில் இருக்கலாம். விக்ரம் சம்பத் தொடங்கிய 'ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக்' 78 சுற்று இசைத்தட்டுகளை டிஜிட்டலாக்கிப் பொதுவில் வைத்து இதற்கு வழிகாட்டியிருக்கிறது. உங்கள் வீட்டுத் தட்டுகளை நீங்கள் காப்பாற்றுங்கள்.

அதற்குச் சில விதிகள் உண்டு. அரக்கால் ஆன பழைய 78 தட்டுகளை ஆல்கஹால் கலந்த எதனாலும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான பிரஷும் போதும். 78 தட்டின் பள்ளம் எல்.பி.யைவிட மிக அகலம் என்பதால் அதற்கென உள்ள பெரிய ஊசியையே பயன்படுத்துங்கள். பதிவு செய்யும்போது உச்சம் முழு அளவைத் தொடாமல் 6 டெசிபல் இடம் விடுங்கள். பெரிய 'டப்' சத்தங்களை மட்டும் நீக்குங்கள். மெல்லிய இரைச்சலைத் துடைக்கப் போனால் தம்புராவின் ரீங்காரமும் கூடவே போய்விடும். தொடாத மூலக் கோப்பு ஒன்றைத் தனியே வைத்திருங்கள்.

டிஜிட்டலைப் பற்றி நமக்கு இருக்கும் மனக்குறை, அது நமக்கு மிக மலிவாகக் கிடைத்ததால் வந்தது. சும்மா கிடைத்ததற்கு நாம் இடமும் ஒதுக்கவில்லை, நேரமும் ஒதுக்கவில்லை. தட்டுக்கு இரண்டையும் கொடுத்தோம். அது இனித்தது. ஒரு கூடத்தில் முப்பது நாற்பது கலைஞர்கள் ஒரே மூச்சில், ஒருவர் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து என்ற நிபந்தனையோடு வாசித்த இசை நம்மிடம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வில்லும் ஒவ்வொரு மூச்சும் நம் காதுக்கு வந்து சேரும் அளவுக்குத் தொழில்நுட்பம் வளர்ந்து, நடுத்தர வீட்டுக்கும் கட்டுப்படியாகும் விலைக்கு வந்துவிட்டது. அந்தக் கலைஞர்களின் உழைப்புக்கு வீட்டில் ஒரு மூலையும் நாளில் ஒரு மணி நேரமும் கொடுப்பது அதிகமில்லை. கொடுத்துப் பாருங்கள். தட்டா, டிஜிட்டலா என்ற கேள்வி முக்கியமற்றுப் போய், அடுத்து எந்த ஆல்பம் என்பதே உங்கள் கேள்வியாக இருக்கும்.